மதுரைக்குப் போயிருக்கிறோம்... மதுரையைப் பார்த்திருக்கிறோமா?



வருஷா வருஷம் நம் மாணவர் மன்றத்தில் அனல் பறக்கும் விவாதம் ஒன்று உண்டு. 'இந்த வருஷம் டூர் எங்கே?' என்பதுதான் அது. ஊட்டியா, கொடைக்கானலா, மூணாறா என்று பொங்கல் முடிந்ததுமே பேச்சு ஆரம்பித்துவிடும். கடைசியில் ஓர் ஊர் முடிவாகும். பணம் கட்டக் கடைசித் தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். கட்ட முடிந்தவர்கள் போவார்கள். மற்றவர்கள் "எனக்கு பஸ்ல வாந்தி வரும்", "எங்க வீட்ல விசேஷம்" என்று ஏதாவது சொல்லி நின்றுகொள்வார்கள். இந்த வாந்தியும் விசேஷமும் எங்கிருந்து வருகின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

பெரிய டூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் சந்தோஷமாகப் போய் வரட்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. முதலாமாண்டில் சேருகிற ஒவ்வொரு மாணவனையும் மாணவியையும், ஒருவர் விடாமல், ஒரே ஒரு நாள் மதுரைக்கு அழைத்துப் போக வேண்டும். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புவதற்கு அல்ல. நடந்து, கேட்டு, சாப்பிட்டு, அந்த ஊரைப் பார்ப்பதற்கு!

"மதுரையா? அதான் தெரியுமே!" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. தெரியுமா என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

எங்க அப்பா மதுரைக்கு நூறு தடவைக்கு மேல் போயிருப்பார். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போய்க் கீழமாசி வீதியில் மூட்டை இறக்கிவிட்டு, அதே லாரியில் படுத்துக்கொண்டு வந்துவிடுவார். எங்க அம்மா நான்கு தடவை போயிருக்கிறார், நான்கும் பெரியாஸ்பத்திரிக்கு. என் அண்ணன் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவான். ஆக மொத்தம் எங்கள் வீட்டில் எல்லோரும் மதுரைக்குப் போனவர்கள்தான். பார்க்கப் போனவர்கள் ஒருவரும் இல்லை. ஆமத்தூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் விசாரித்தாலும் இதே கதைதான். நம் வீடுகளில் வெளியூர் என்றால் ஒன்று வேலை, இல்லாவிட்டால் வைத்தியம், அதுவும் இல்லாவிட்டால் இருக்கன்குடி, பழனி, திருச்செந்தூர். வேண்டுதல் இல்லாமல், நோய் இல்லாமல், சரக்கு இல்லாமல், வெறுமனே ஓர் ஊரைப் பார்ப்பதற்காகப் போவது பணக்காரர்கள் செய்யும் காரியம் என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம்.

சியோலைத் தெரிகிறது, சித்திரை வீதி தெரியவில்லை!

என் வகுப்புத் தோழிகளில் பாதிப் பேர் கொரியத் தொடர் பார்ப்பவர்கள். தமிழில் பேசி வருவதால் பாட்டிகூட உட்கார்ந்து பார்க்கிறார். சியோல் நகரத்தில் ஹான் நதிக்கரையில் என்ன சாப்பிடுவார்கள், கிம்ச்சி எப்படிப் போடுவார்கள், ஹான்போக் உடையை எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதில் எங்கள் வகுப்புக்கே பெருமை! இதை நான் கேலி செய்யவில்லை. பார்க்கட்டும். அக்கரைக்கு இக்கரை பச்சை என்பது உலக வழக்கம். ஆனால் சியோல்காரர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. தங்கள் ஊரைத் தாங்களே பார்க்கும் பழக்கம்தான் அது.

சியோலில் கியோங்போக்குங் என்று ஓர் அரண்மனை. 1395-இல் கட்டியது. 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்துபோய், 1867-இல் திரும்பக் கட்டினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் மறுபடி பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1990 முதல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எழுப்பி வருகிறார்கள். அந்த அரண்மனைக்குள் ஹான்போக் உடுத்தி வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் இளவட்டங்கள் பாரம்பரிய உடையோடு கும்பல் கும்பலாக வருகிறார்கள். பக்கத்தில் 1905-இல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தையில் பெஞ்சுப் பலகையில் உட்கார்ந்து, பாசிப்பயறு அரைத்துச் சுடும் அடையைச் சாப்பிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஊர் பார்க்க அழைத்துப் போவதற்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரே 'படிப்புப் பயணம்' என்று பொருள்படும்!

அந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் பூசான். அங்கே குவாங்கல்லி கடற்கரையில் 2005-இல் ஒரு வாணவேடிக்கைத் திருவிழா தொடங்கினார்கள். ஒரு ராத்திரி வானத்தைப் பார்ப்பதற்காக லட்சக்கணக்கான சனம் கூடுகிறது என்று படித்தபோது எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா பதினாறு வருஷமாகப் பயர் ஆபீஸில் திரி ஏற்றுகிறார். தான் திரி ஏற்றிய சரக்கு வானத்தில் விரிவதை ஒரு தடவைகூட நின்று பார்த்தது கிடையாது. சீசன் முழுக்க வேலை. தீபாவளி ராத்திரி அலுப்பில் எட்டு மணிக்கே படுத்துவிடுவார். கேட்டால், "அதைத்தான் தெனமும் கையில தொடுறேனே தாயி, பார்க்க என்ன இருக்கு?" என்பார்.

நண்பர்களே, இந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. செய்வது நம் வேலை, பார்ப்பது வேறு யாருடைய வேலையோ என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்? ஓர் ஊரில் மூட்டை இறக்கியவருக்கு அந்த ஊரைப் பார்க்கும் பங்கும் உண்டா, இல்லையா?

மதுரையில் என்னதான் இருக்கிறது?

முதலில் வீதிகள். கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாகப் போகிறது ஊர். தமிழ் மாதத்தின் பெயரில் தெரு வைத்த ஊர் இது. வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார்கள். பஸ் பிடிக்க ஓடுகிறோமே, அந்த வெளி வீதியில், நம் காலுக்குக் கீழே ஓர் அகழி இருக்கிறது!

அடுத்து மீனாட்சியம்மன் கோயில். பதினான்கு கோபுரங்கள், தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் இருப்பது 985 தூண்கள். 1569-இல் அரியநாத முதலியார் கட்டியது. செல்போனை உள்ளே விடமாட்டார்கள். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். வேறு மதத்து நண்பர்கள் வருத்தப்பட வேண்டாம். காஜிமார் பெரிய பள்ளிவாசலும், கிழக்கு வெளி வீதியில் புனித மரியன்னை பேராலயமும் அதே ஊரில்தான் இருக்கின்றன. எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, திருமலை நாயக்கர் மகால். சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்களே, உங்களுக்காகவே சொல்கிறேன். 1636-இல் கட்டிய இந்த மகாலில் 58 அடி உயரத் தூண்கள், மொத்தம் 248. மேலே உள்ள குவிமாடத்துக்கு இரும்பும் இல்லை, மர உத்தரமும் இல்லை. செங்கல் வளைவுதான் பாரத்தைத் தாங்கி இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறது. பாடத்தில் வளைவுக்குப் படம் வரைந்து பத்து மார்க் வாங்குகிறோம். அந்த வளைவுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? இன்று நிற்பது பழைய மகாலில் கால் பங்குதான் என்கிறார்கள். 1860-களில் ஆளுநர் நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்கத் தொடங்காமல் இருந்திருந்தால் அந்தக் கால் பங்கும் போயிருக்கும். கியோங்போக்குங் அரண்மனைக்கு உள்ள அதே கதை, பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில்!

நான்காவது, காந்தி. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டுவிட்டு அரையாடைக்கு மாறினார். அந்தக் கட்டிடத்தில் கதர்க் கடை இருக்கிறது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகத்தை 1959-இல் நேரு திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தம் படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் சத்தம் போட்டுப் பேசுகிறவர்களை யாரும் பார்க்க முடியாது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

1939-ஐ மறந்துவிடக் கூடாது

ஊர் பார்ப்பதும் கோயில் பார்ப்பதும் என்னமோ எல்லோருக்கும் எப்போதும் திறந்து கிடந்த வாசல் என்று நினைத்துவிடக் கூடாது. மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார்களையும் விடாத காலம் இருந்தது. அதனால்தான் மதுரைக்குப் பலமுறை வந்த காந்தியும் கோயிலுக்குள் போகவில்லை. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான பி. கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். அந்தச் சின்னக் கூட்டத்தில் நம் விருதுநகரைச் சேர்ந்த எஸ்.எஸ். சண்முக நாடாரும் ஒருவர். அதே ஆண்டு ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. 1946-இல்தான் காந்தி அந்தக் கோயிலுக்குள் அடியெடுத்து வைத்தார்.

நம்மில் பலருடைய கொள்ளுத் தாத்தாக்கள் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தவர்கள். இன்றைக்கு வாசல் திறந்திருக்கிறது. போய்ப் பார்க்க நமக்கு நேரமில்லை! போராடி வாங்கிய உரிமையைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது, பேங்கில் போட்ட பணத்தைக் கடைசிவரை எடுக்காமல் செத்துப்போவது மாதிரிதான்.

வாய்க்கும் வேலை உண்டு

சாப்பாடு இல்லாமல் ஊர் பார்த்தல் ஏது? கட்டுச்சோறு நல்லதுதான், எங்க அம்மா புளியோதரைக்கு நான் அடிமை. ஆனால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தூக்குவாளி வேண்டாம். காலையில் ஆவி பறக்கும் இட்லியும் நாலு வகைச் சட்னியும். மத்தியானம் ஏதாவது மெஸ்ஸில் இலைச் சாப்பாடு. கவிச்சி சாப்பிடுகிறவர்களுக்கு அயிரை மீன் குழம்பு. சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே தம்ளரில். தள்ளுவண்டியில் பருத்திப்பால். இருட்டியதும் கறி தோசை. தூங்கா நகரம் என்று சும்மாவா பேர் வந்தது?

நாமும் சளைத்தவர்கள் இல்லை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும், சாத்தூர் காராச்சேவும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வைத்திருக்கிற ஜில்லாக்காரர்கள் நாம். அடுத்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் நம் ஊர்ச் சாப்பாட்டின் அருமையும் எடுத்துச் சொல்லத் தெரியும்.

சொல்லத் தெரிய வேண்டியது ஏன் என்றால், நாளைக்கு நாம் போகப்போகிற இடம் அப்படி. ஹூண்டாய் கம்பெனி 1996-இல் இங்கே தொடங்கி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சாண்ட்ரோ காரை வெளியே விட்டது. அதன் பின்னால் எத்தனையோ கொரியக் கம்பெனிகள் வந்தன. சென்னையில் கொரிய உணவு விடுதிகளும் வந்துவிட்டன. நம் சீனியர் அண்ணன் ஒருவர் அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். கூட வேலை பார்க்கும் கொரிய இன்ஜினியர் ஒருவர், "உங்க மதுரையில என்ன பார்க்கலாம்? என்ன சாப்பிடலாம்?" என்று ஆசையாகக் கேட்டாராம். அண்ணன் "பெரிய கோயில் இருக்கு" என்று சொன்னாராம். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லையாம். அந்த இன்ஜினியரோ தன் ஊரைப் பற்றி அரை மணி நேரம் பேசினாராம். இங்கிலீஷ் தெரியாததால் அண்ணன் நிற்கவில்லை. அவர் இன்ஜினியரைவிட நன்றாகவே பேசுவார். சொல்ல விஷயம் இல்லாததால் நின்றார். அவருக்கும் நம்மைப்போல் யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பணமும் பயமும்

இரண்டு தடைகள் உண்டு. முதல் தடை பணம். மூன்று நாள் டூருக்கு நாலாயிரத்துச் சொச்சம் கேட்டால், சனிக்கிழமை கூலியில் ஓடும் வீட்டில் யாரிடம் கேட்பது? ஒரு நாள் மதுரைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ், சாப்பாடு, மகால் டிக்கெட் எல்லாம் சேர்த்து ஐந்நூறைத் தாண்டாது. மதுரை டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டியில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதுவும் இல்லாதவர்களுக்கு மன்ற நிதியிலிருந்து கொடுக்கலாம். யாருக்குக் கொடுத்தோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டாமல் கொடுக்க வேண்டும்! இது ரொம்ப முக்கியம்.

இரண்டாவது தடை பயம். குறிப்பாக மாணவிகள் விஷயத்தில். "பொட்டப்பிள்ளைக்கு ஊர் சுத்துறது எதுக்கு?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். நான் பெரியவர்களை மதிக்கிறவள்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். டிப்ளமோ முடிந்த அடுத்த மாதமே எங்களை ஐநூறு கிலோமீட்டர் தள்ளி, முன்பின் தெரியாத ஊரில் கம்பெனி ஹாஸ்டலுக்கு அனுப்பிவைக்கிறீர்கள். அப்போது வராத பயம், டீச்சர்களோடு ஒரு நாள் மதுரைக்குப் போனால் மட்டும் ஏன் வருகிறது? வேலைக்கென்றால் தூரம் தெரியாது, பார்க்க என்றால் வாசற்படியே தூரமா? பெரிய ஊரில் பஸ் மாறத் தெரிந்த, வழி கேட்கத் தெரிந்த, கடையில் உட்கார்ந்து தனக்கு வேண்டியதைக் கேட்டுச் சாப்பிடத் தெரிந்த பெண் வேலைக்குப் போகிற ஊரிலும் பத்திரமாக இருப்பாள். கூடவே வைத்துக் கற்றுக்கொடுக்க மதுரையை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. விருப்பமுள்ள அம்மாக்களும் கூட வரட்டும். அவர்களும் பார்க்க வேண்டியவர்கள்தானே!

"முதல்ல அரியரை முடிங்க, அப்புறம் ஊர் சுத்தலாம்" என்று சொல்கிற நண்பர்களும் உண்டு. அரியர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எழுதலாம். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையால் யாருக்கும் அரியர் விழாது.

மன்றத்துக்கு என் கோரிக்கைகள்

ஒன்று: முதலாமாண்டின் முதல் பருவத்திலேயே மதுரைப் பயணம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மத்தியானம் நடை சாத்துவதற்குள் கோயில். பிறகு மகால், மாசி வீதி, காந்தி அருங்காட்சியகம். சாயங்காலம் 1645-இல் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா பேசிக்கொண்டிருப்பது. ராத்திரி பத்துக்குள் வீடு.

இரண்டு: இரண்டாமாண்டில் கீழடி. 2014-இல் தோண்டத் தொடங்கிய இடம். 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பானையில் தன் பெயரைக் கீறி வைத்த சாதாரண மனிதர்களின் எழுத்தை அங்கே பார்க்கலாம். வீட்டில் முதல் முதலாகக் கையெழுத்துப் போடுகிற நாம் பார்க்க வேண்டியது அது. திரும்பும்போது புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். உள்ளே போகக் காசு இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஏ.சி.யில் உட்கார்ந்து படிக்கலாம்.

மூன்று: போய் வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். நல்லதை அடுத்த ஆண்டு மலரில் போடலாம். செல்ஃபி மட்டும் எடுத்தவர்களுக்கு அதில் இடம் இல்லை!

மதுரையைச் சுற்றிய கழுதைகூட வேறு ஊருக்குப் போகாது என்பார்கள். நம்மை யாரும் அங்கேயே தங்கச் சொல்லவில்லை. சென்னைக்கும் ஓசூருக்கும், முடிந்தால் சியோலுக்கும் போவோம். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் மூட்டை இல்லாமல், மடியில் மருந்துச் சீட்டு இல்லாமல், நம் பக்கத்து ஊரை நிமிர்ந்து பார்த்துவிட்டு வருவோம். பெயர்ப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பெயர் எங்க அம்மாவுடையது. கம்பெனி வண்டி வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் தேதி வையுங்கள்!

— இரண்டாமாண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை,
ஆமத்தூர்.